எலைட் டேஞ்சரஸ் பால்வீதியில் விண்மீன்களையும் உயிருள்ள உலகங்களையும் கணக்கெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிப் பயணக் கணினி விளையாட்டில் புதிய விண்மீன் தொகுதிகளை (ஒன்றோ பலவோ விண்மீன்களும் அவற்றைச் சுற்றும் கோள்களும் சேர்ந்தது ஒரு தொகுதி) தேடிப் போகும் பலருக்கும், ஒரு கட்டத்தில், பார்த்தவற்றை வெறுமனே சேர்த்துவைப்பது போதாது என்று தோன்றிவிடுகிறது. எந்த வகை விண்மீன் எவ்வளவு இருக்கிறது, எத்தனை தொகுதிகளுக்கு ஒன்றில் உயிர் இருக்கிறது, பால்வீதியின் மையத்துக்கும் விளிம்புக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்விகள் எழுகின்றன. அவற்றுக்கு விடை தேட முனைவோர் வழக்கமாகக் கேட்பவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

இந்தப் பால்வீதியை உருவாக்கியவர்களுக்கே விடை தெரிந்திருக்குமே, நாம் ஏன் எண்ண வேண்டும்?

விதிகள் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த விதிகளிலிருந்து என்ன விளைந்திருக்கிறது என்பது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். 1984-இல் வந்த முதல் எலைட் விளையாட்டில் எட்டு பேரடைகள், ஒவ்வொன்றிலும் 256 தொகுதிகள் என மொத்தம் 2,048 தொகுதிகளே இருந்தன. அவை அனைத்தையும் ஒரே ஆள் பார்த்து முடித்துவிடலாம். 2014 டிசம்பர் 16 அன்று ஃபிரான்டியர் நிறுவனம் வெளியிட்ட எலைட் டேஞ்சரஸில் இருப்பதோ ஏறத்தாழ 40,000 கோடி தொகுதிகள். இவற்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை உண்மையான வானியல் அட்டவணைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. மற்றவை எல்லாம், ஸ்டெல்லார் ஃபோர்ஜ் என்ற நிரல் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு பொருண்மை இருக்கிறது, அதன் வயது என்ன என்பன போன்றவற்றை எடுத்துக்கொண்டு கணக்கிட்டு உண்டாக்குபவை. இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ பேர் பயணம் செய்தும், பார்க்கப்பட்ட பகுதி நூற்றில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

ஒரே தொகுதி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் உருவாகிறது என்பது இன்னொரு முக்கியமான செய்தி. நீங்கள் பதிந்த அளவை ஐயுறுபவர் அதே இடத்துக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். எண்ணும் வேலைக்கு இதைவிட நல்ல நிலம் கிடைப்பது அரிது.

எதை ஓர் அலகாகக் கொண்டு எண்ணுவது?

தொடங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்துகொள்ள வேண்டும். வரைபடத்தில் ஒரு தொகுதியின் வகையாகத் தெரிவது, நீங்கள் போய் இறங்கும் முதன்மை விண்மீனின் வகை மட்டுமே. அதைச் சுற்றி நான்கைந்து செங்குள்ளர்களும் (சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்கள்) பழுப்புக் குள்ளர்களும் (விண்மீனாக எரியும் அளவுக்குப் பொருண்மை இல்லாதவை) இருக்கலாம். ஆகவே "முதன்மை விண்மீன்களில் எத்தனை விழுக்காடு கே வகை (சூரியனைவிடச் சற்றுக் குளிர்ந்தவை)" என்பது ஒரு கேள்வி. "எல்லா விண்மீன்களிலும் எத்தனை விழுக்காடு கே வகை" என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. இரண்டையும் அட்டவணையின் ஒரே பத்தியில் (நெடுவரிசையில்) கலந்துவிட்டால் பின்னால் பிரித்தெடுக்க வழியில்லை. உயிருள்ள உலகங்களுக்கும் இது பொருந்தும்: ஒரு தொகுதியில் புவியொத்த உலகங்கள் இரண்டு இருந்தால், உலகக் கணக்கில் இரண்டு, தொகுதிக் கணக்கில் ஒன்று.

என் பயணப் பதிவில் ஏற்கெனவே பல ஆயிரம் தொகுதிகள் இருக்கின்றன. அவற்றையே வைத்து விழுக்காடு போடலாமா?

போடலாம், ஆனால் அந்த விழுக்காடு நீங்கள் பயணம் செய்த விதத்தைத்தான் சொல்லும், பால்வீதியைச் சொல்லாது.

உண்மையான வானத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். சூரியனுக்கு அருகிலுள்ள விண்மீன்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு எம் வகைச் செங்குள்ளர்கள். ஆனால் இருண்ட இரவில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் சில ஆயிரம் விண்மீன்களில் ஒரு செங்குள்ளன்கூட இல்லை. ஒளி மிகுந்தவை தொலைவிலிருந்தும் தெரிகின்றன, மங்கலானவை பக்கத்தில் இருந்தும் தெரிவதில்லை. கண்ணை மட்டும் நம்பிக் கணக்கெடுத்தவர், பால்வீதியில் பெரும்பான்மையாக உள்ள விண்மீன் வகையே இல்லை என்று எழுதிவைத்திருப்பார். சுவீடன் நாட்டு வானியலாளர் குன்னார் மால்ம்குவிஸ்ட் 1920-களில் இந்தச் சார்பைக் கணிதமாகவே எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது.

விளையாட்டில் இதே சார்பு வேறு உருவில் வருகிறது. கப்பலுக்கு எரிபொருள் அள்ளித் தருபவை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் ஆகிய ஏழு வகைகள் மட்டுமே என்பதால், பலரும் வழி போடும்போது மற்ற வகைகளை வடிகட்டிவிடுகிறார்கள். உடனே பழுப்புக் குள்ளர்களான எல், டி, ஒய் வகைகள் பதிவிலிருந்து மறைந்துவிடுகின்றன. நியூட்ரான் விண்மீனின் (வெடித்த பெருவிண்மீனின் அடர்ந்த எச்சம்) பீச்சொளியில் புகுந்து எழுந்தால் பெரும்பாலான கப்பல்கள் ஒரே தாவலில் கடக்கும் தொலைவு நான்கு மடங்காகிறது என்பதால், விரைந்து போக விரும்புவோரின் பதிவில் நியூட்ரான் விண்மீன்கள் குவிந்துவிடுகின்றன. நல்ல பரிசுத்தொகை தரும் உலகங்களைத் தேடுவோர் எஃப், ஜி, கே விண்மீன்களுக்கே போகிறார்கள். பின்பு அந்தப் பதிவை வைத்தே, புவியொத்த உலகங்கள் அந்த விண்மீன்களைச் சுற்றித்தான் இருக்கின்றன என்று முடிவு கட்டுகிறார்கள். முடிவு சரியாகவே இருந்தாலும், அந்தப் பதிவு அதற்குச் சான்றாகாது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்: பொறுமையாகச் சேர்த்த ஆயிரக்கணக்கான அளவீடுகள், "இந்தத் தொகுதிக்கு ஏன் வந்தேன்" என்ற ஒரு சிறு குறிப்பு இல்லாததால் பயனற்றுப் போகின்றன.

அப்படியானால் சார்பில்லாத மாதிரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

விளையாட்டின் பெயரிடும் முறையே இதற்கு வழி தருகிறது. விளையாட்டில் மனிதர் குடியேறிய தொலைதூரத் தொகுதியான கொலோனியா இப்பெயர் பெறுவதற்கு முன் அதன் பெயர் ஈயோல் ப்ரூ ஆர்எஸ்-டி டி3-94 (Eol Prou RS-T d3-94). இதில் ஈயோல் ப்ரூ என்பது 1,280 ஒளியாண்டு பக்கமுள்ள ஒரு பெரிய கனசதுரப் பகுதியின் பெயர். அடுத்து வரும் மூன்று எழுத்துகளும், கோட்டுக்கு முந்தைய 3 என்ற எண்ணும் அந்தப் பகுதிக்குள் இருக்கும் ஒரு சிறு கனசதுரத்தைக் குறிக்கின்றன. பயணிகள் இதைப் பாக்செல் என்கிறார்கள். அந்த 3-க்கு முன்னால் ஒட்டி நிற்கும் சிற்றெழுத்து பொருண்மைக் குறி. கடைசியில் உள்ள 94, அந்தப் பாக்செலுக்குள் அத்தொகுதியின் வரிசை எண்.

பொருண்மைக் குறி ஏ முதல் எச் வரை எட்டு எழுத்துகள். ஏ குறியின் பாக்செல் 10 ஒளியாண்டு பக்கமுள்ளது. ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கம் இரட்டித்து, பி 20, சி 40, டி 80 என்று போய், எச் குறியில் 1,280 ஆகிறது. குறி ஏற ஏறத் தொகுதியின் பொருண்மையும் ஏறும். ஏ-யில் பெரும்பாலும் பழுப்புக் குள்ளர்கள், பி-யில் செங்குள்ளர்கள், சி-யிலும் டி-யிலும் சூரியனை ஒத்தவையும் அவற்றைவிடச் சற்றுப் பெரியவையும், அதற்கு மேல் பெருவிண்மீன்களும் கருந்துளைகளும்.

வரிசை எண் 0-இலிருந்து தொடங்குகிறது. பால்வீதி வரைபடத்தின் தேடல் பெட்டியில் பெயரை உள்ளிட்டு, 100 இருக்கிறதா, இல்லையென்றால் 50 இருக்கிறதா, இருந்தால் 75 இருக்கிறதா என்று பாதி பாதியாக நெருங்கினால், அந்தப் பாக்செலில் எத்தனை தொகுதிகள் உண்டு என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பிறகு ஏதேனும் ஒரு குலுக்கல் நிரலால் எண்களைத் தேர்ந்தெடுத்து, அந்த எண்ணுள்ள தொகுதிகளுக்கு மட்டும் போக வேண்டும். வழியில் எவ்வளவு அழகான தொகுதி தென்பட்டாலும், அதைப் பார்க்கலாம், ரசிக்கலாம். மாதிரியில் சேர்க்கக் கூடாது. அனுமதி இல்லாமல் நுழைய முடியாத பகுதிகளும் உண்டு. அவற்றைக் கணக்கிலிருந்து முன்கூட்டியே விலக்கிவிடுங்கள்.

வெவ்வேறு பொருண்மைக் குறிகளில் எடுத்த மாதிரிகளை அப்படியே கூட்டலாமா?

கூடாது. ஒரு பகுதியில் சி குறியில் 3,000 தொகுதிகளும் டி குறியில் 800 தொகுதிகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 200 தொகுதிகள் பார்க்கிறீர்கள். சி-யில் ஒரு புவியொத்த உலகமும் டி-யில் நான்கும் கிடைக்கின்றன. இரண்டையும் கூட்டி, 400-க்கு 5 என்று எடுத்து 3,800-க்குப் பெருக்கினால் ஏறத்தாழ 48 வரும். ஆனால் தனித்தனியே கணக்கிட்டால் சி-யில் 15, டி-யில் 16, ஆக மொத்தம் 31 தான். டி குறியை அதன் பங்கைவிட மிகுதியாகப் பார்த்ததால்தான் முதல் கணக்கு ஊதிப்போனது. ஒவ்வொரு குறிக்கும் விகிதத்தைத் தனியே கண்டு, அந்தந்தக் குறியின் மொத்தத்தால் பெருக்கிய பிறகே கூட்ட வேண்டும்.

விண்மீன் அடர்த்தியை அளக்க எல்லாத் தொகுதிகளுக்கும் போக வேண்டுமா?

தேவையில்லை. கப்பலின் வழிசெலுத்தல் பலகை, 20 ஒளியாண்டுக்குள் இருக்கும் அண்மைத் தொகுதிகளைத் தொலைவோடு பட்டியலிடுகிறது. ஆனால் 50-க்கு மேல் காட்டாது. பட்டியலில் 50-க்குக் குறைவாக இருந்தால், அந்த எண்ணிக்கையை 20 ஒளியாண்டு ஆரமுள்ள கோளத்தின் கனஅளவால் வகுத்தால் போதும். 50 நிரம்பிவிட்டால், கடைசித் தொகுதியின் தொலைவை ஆரமாகக் கொள்ள வேண்டும். அது 10 ஒளியாண்டு என்றால் கோளத்தின் கனஅளவு ஏறத்தாழ 4,189 கன ஒளியாண்டு. அடர்த்தி கன ஒளியாண்டுக்கு 0.012 தொகுதிகள். உண்மையில் சூரியனின் அண்மையில் கன ஒளியாண்டுக்கு ஏறத்தாழ 0.004 விண்மீன்களே உள்ளன என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது விண்மீன் கணக்கு, நம்முடையது தொகுதிக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம்.

இந்த முறையின் முழு அருமையும் செங்குத்தாக ஏறும்போதுதான் தெரியும். வரைபடத்தின் ஆயங்கள் சூரியனை 0,0,0 என்று கொள்கின்றன. நடு எண் தட்டிலிருந்து உள்ள உயரம். மற்ற இரண்டையும் ஏறக்குறைய மாற்றாமல், 50 ஒளியாண்டுக்கு ஒருமுறை நின்று பட்டியலைக் குறித்துக்கொண்டே மேலே போனால், பால்வீதித் தட்டு எவ்வளவு தடிமன், எங்கே மெலிகிறது என்பது ஒரே மாலையில் உங்கள் கையில் வரைபடமாக வந்துவிடும். 2019-இல் தொடங்கிய டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2 என்ற கூட்டுப் பயணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். அத்தனை பேரில் ஒரு சிறு பகுதியினர் இப்படி ஆளுக்கொரு நெடுவரிசையை எடுத்துக்கொண்டாலே பெரிய பரப்பை மூடிவிடலாம்.

உயிருள்ள உலகம் என்று எதையெல்லாம் கொள்வது?

நான் நான்கு வகுப்பாகப் பிரிக்கச் சொல்வேன். முதலாவது, புவியொத்த உலகம். இரண்டாவது, அமோனியா உலகம். இங்கே நீருக்குப் பதில் அமோனியாவை ஊடகமாகக் கொண்ட உயிர் இருப்பதாக விளையாட்டு கொள்கிறது. புவி வளியழுத்தத்தில் அமோனியா 195 முதல் 240 கெல்வின் வரையே திரவமாக இருக்கும் என்பதால் இவை குளிர்ந்த உலகங்கள். மூன்றாவது, நீர் சார்ந்த உயிரோ அமோனியா சார்ந்த உயிரோ உள்ள வளிமப் பெருங்கோள்கள். நான்காவது, மெல்லிய வளிமண்டலம் கொண்ட, தரையிறங்கக்கூடிய உலகங்களில் வளரும் உயிரினங்கள்.

பலர் மூன்றாம் வகுப்பை மறந்துவிட்டு, உயிர் மிக அரிது என்று எழுதுகிறார்கள். உயிருள்ள வளிமப் பெருங்கோள்கள் பார்வைக்கு மற்றவற்றைப் போலவே இருப்பதாலும், தரும் பரிசுத்தொகை குறைவு என்பதாலும் அவை கவனத்தில் நிற்பதில்லை. நீர் உலகங்களை நான் தனிப் பத்தியில் வைப்பேன். கடல் இருக்கிறது என்பதாலேயே உயிர் இருக்கிறது என்று எழுதிவிட முடியாது. உயிருள்ளவற்றோடு அவற்றைக் கூட்டுபவர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு தொகுதியையும் முழுவதும் அலகிட (ஸ்கேன் செய்ய) வேண்டுமா?

உங்கள் கேள்வியைப் பொறுத்தது. 2018 டிசம்பரில் வந்த முழு அலைமாலை அலகி, ஒரு கோளை நெருங்காமலே அது எந்த வகைக் குறிகையைத் தருகிறது என்று காட்டுகிறது. புவியொத்த, அமோனியா உலகங்கள் உண்டா இல்லையா என்பது மட்டுமே கேள்வி என்றால், அந்த அலைவரிசைப் பகுதியை மட்டும் கவனித்து, இல்லாவிட்டால் "இல்லை" என்று பதிந்துவிட்டு நகரலாம். வளிமப் பெருங்கோள்களின் உயிர் வகையோ எல்லா விண்மீன்களின் எண்ணிக்கையோ வேண்டுமென்றால் முழு அலகீடு தேவை. எந்த ஆழம் வரை பார்த்தீர்கள் என்பதைத் தொகுதிக்குத் தொகுதி குறிக்க வேண்டும். "பார்த்தேன், இல்லை" என்பதும் "பார்க்கவில்லை" என்பதும் வெற்றுக் கட்டமாக ஒரே மாதிரி இருக்கும் அட்டவணை எதற்கும் உதவாது.

தரையில் வளரும் உயிரினங்களை எப்படிக் கணக்கெடுப்பது?

2021 மே மாதம் ஒடிசி விரிவாக்கம் வந்த பிறகு இது தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. இங்கே அறிவு மூன்று படிகளில் வருகிறது. தொலைவிலிருந்து அலகிடும்போது உயிர்க் குறிகைகள் எத்தனை என்பது தெரியும். ஆய்வுக் கலங்களை ஏவி மேற்பரப்பைப் படமெடுத்தால் எந்தப் பேரினங்கள் என்று தெரியும். தரையில் இறங்கி நேரில் அலகிட்டால்தான் எந்தச் சிற்றினம், என்ன நிறம் என்பது உறுதியாகும்.

தேர்ந்த பயணிகள், வளிமண்டலமும் வெப்பநிலையும் தெரிந்தாலே சிற்றினத்தை ஊகித்துவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். இருந்தாலும் ஊகித்ததைக் கண்டதாக எழுதக் கூடாது. ஊக விதிகள் எல்லாம் முந்தைய பதிவுகளிலிருந்து வந்தவை. பல பேரினங்கள் 0.27 ஜி-க்கு (புவி ஈர்ப்பில் 0.27 பங்கு) மேற்பட்ட ஈர்ப்பில் காணப்படுவதில்லை என்ற பொது அனுபவமும் அப்படித் திரண்டதே. ஊகத்தையே தரவாக மீண்டும் உள்ளே செலுத்தினால், விதிக்கு விலக்கான ஓர் உலகம் கண்முன்னே இருந்தாலும் அது பதிவாகாமல் போய்விடும்.

மாதிரி எடுக்கும் கருவி, ஒரே சிற்றினத்தின் மூன்று மாதிரிகளைக் குறிப்பிட்ட இடைவெளி விட்டுக் கேட்கும். பாக்டீரியத்துக்கு 500 மீட்டர், டஸ்ஸாக்குக்கு 200 மீட்டர் என்று பேரினத்துக்குப் பேரினம் இது மாறும். மூன்றையும் முடிப்பது பரிசுத்தொகைக்குத் தேவை. இருக்கிறதா இல்லையா என்ற கணக்குக்கு முதல் மாதிரியே போதும். ஸ்ட்ராட்டம் டெக்டோனிகாஸ் என்ற சிற்றினம் மிகுந்த தொகை தருவதால் அதைத் தேடித் தேடிப் பதிகிறார்கள். பொதுத் தரவுகளில் அதன் எண்ணிக்கையைப் பார்க்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

எத்தனை தொகுதிகள் பார்த்தால் போதும்?

எண்ணிக்கையின் வர்க்கமூலம் ஏறத்தாழ அதன் நிச்சயமின்மை. 900 தொகுதிகளில் 9 புவியொத்த உலகங்கள் கிடைத்தால், 9-க்குக் கூடவோ குறையவோ 3 என்று கொள்ள வேண்டும்; அதாவது 75 தொகுதிக்கு ஒன்றாகவும் இருக்கலாம், 150-க்கு ஒன்றாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டு பகுதிகளில் ஒன்றில் 9, மற்றொன்றில் 12 கிடைத்ததை வைத்து இரண்டாவது வளமானது என்று சொல்ல இடமில்லை. ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் அது வீணல்ல: 300 தொகுதிகளில் பூச்சியம் என்றால், உண்மை விகிதம் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். 3-ஐ மாதிரியின் அளவால் வகுத்தால் இந்த வரம்பு கிடைக்கும்.

எங்கே நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். ஓர் உலகம் கிடைத்த மகிழ்ச்சியில் அத்தோடு முடித்துக்கொள்பவரின் விகிதம் எப்போதும் உயர்ந்தே இருக்கும்.

அளவீடுகளைக் கையால் எழுத வேண்டுமா?

வேண்டாம். விளையாட்டு தானாகவே கணினியில் ஒரு பயணக் குறிப்பேட்டுக் கோப்பை எழுதுகிறது. தொகுதியின் ஆயங்கள், விண்மீனின் வகை, பொருண்மை, வயது, கோளின் வெப்பநிலை எல்லாம் அதில் உண்டு. அலகுகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஈர்ப்பு மீட்டர்/வினாடி² அலகில் இருக்கும். புவி அளவுக்கு மாற்ற 9.81-ஆல் வகுக்க வேண்டும். வளியழுத்தம் பாஸ்கலில் இருக்கும். 1,01,325-ஆல் வகுக்க வேண்டும். சுற்றுக்காலம் வினாடியில், சுற்றுப்பாதைத் தொலைவு மீட்டரில், வயது மில்லியன் ஆண்டில். ஆனால் அந்தத் தொகுதிக்கு ஏன் போனீர்கள் என்பதைக் கோப்பு எழுதாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

நோ மேன்ஸ் ஸ்கை போன்ற விளையாட்டுகளுக்கும் இது பொருந்துமா?

மாதிரித் தேர்வு பற்றிச் சொன்னவை பொருந்தும். ஆனால் 2016-இல் வந்த அந்த விளையாட்டில் கோள்களின் எண்ணிக்கை 2-இன் 64-ஆம் அடுக்கு. உயிருள்ள கோள்களும் மிகச் சாதாரணம். ஆகவே அங்கே "உயிர் உண்டா" என்பதைவிட "எத்தனை வகை உயிர்" என்பதே பொருளுள்ள கேள்வி.

இதிலிருந்து உண்மையான பால்வீதியைப் பற்றி ஏதாவது தெரியவருமா?

நேரடியாகத் தெரியவராது, நாம் அளப்பது ஒரு நிரலின் விதிகளை. ஆனால் அளக்கும் முறை உண்மையானது. 2009 முதல் 2018 வரை இயங்கிய கெப்ளர் தொலைநோக்கி, விண்மீனுக்குக் குறுக்கே கோள் கடக்கும்போது ஒளி மங்குவதை வைத்து 2,600-க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டது. சூரியனை ஒத்த விண்மீனைப் புவியின் தொலைவில் சுற்றும் கோள் நம் பார்வைக் கோட்டில் கடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 200-க்கு ஒன்றுதான். எனவே வானியலாளர்கள், கண்ட ஒவ்வொரு கோளுக்கும் காணப்படாத எத்தனை கோள்கள் இருக்கும் என்று திருத்தம் செய்த பிறகே விகிதம் சொல்கிறார்கள். பொருண்மைக் குறிவாரியாகப் பெருக்கிக் கூட்டுபவர் செய்வதும் அதே வகைத் திருத்தம்தான்.

என் அட்டவணையை மற்றவர்களோடு சேர்க்க விரும்புகிறேன். குறைந்தது என்னென்ன இருக்க வேண்டும்?

தொகுதியின் முழுப்பெயர், ஆயங்கள், பொருண்மைக் குறி, முதன்மை விண்மீனின் வகை, வயது, எந்த ஆழம் வரை அலகிட்டீர்கள் என்பது, நான்கு உயிர் வகுப்புகளுக்கும் தனித்தனி எண்ணிக்கை, நாள். இவற்றோடு, குலுக்கலில் வந்த தொகுதியா, வழியில் எதிர்ப்பட்டதா, யாரோ சொல்லிப் போனதா என்ற ஒரு பத்தி. இந்தக் கடைசிப் பத்தி இல்லாத அட்டவணையை நான் மற்றவற்றோடு கூட்டமாட்டேன். இருந்தால், முப்பது வரிசைகள் மட்டுமே உள்ளதானாலும் மகிழ்ந்து ஏற்றுக்கொள்வேன்.